எப்போது பார்ப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் சிலர் அண்மைக் காலமாக ஒரே மாதிரியான கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ பழைய லாஜிக் அனலைசர் ஒன்று விலைக்கு வந்திருக்கும். அதன் பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொன்று இருக்கும். முகப்பில் எண் மட்டும் மாறியிருக்கும். “ஐயா, இரண்டில் எதை வாங்கலாம்?” என்பார்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் கருவி கிடைக்கும், கல்வி கிடைக்காது. அதனால்தான் இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுவதும் டிஜிட்டல் சர்க்யூட் போர்டுகளோடு கழிந்தது. அந்தக் காலத்தில் பக்கத்தில் நின்ற துணைகளில் இந்த அனலைசர்களுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு. அவற்றை ஒப்பிடுவது என்பது, பார்க்கும் முறைகளை ஒப்பிடுவது.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசிலோஸ்கோப் ஒரு கம்பியில் மின்னழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும். ஆனால் மைக்ரோபிராசஸரின் பிழை ஒரு கம்பியில் இருப்பதில்லை. பதினாறு முகவரிக் கம்பிகளும் எட்டு டேட்டா கம்பிகளும் ஒரே கணத்தில் என்ன சொல்லின என்பதில் இருக்கிறது. அந்தக் கூட்டுப் பேச்சைப் பதிவு செய்வதற்கென்றே பிறந்தது லாஜிக் அனலைசர். மின்னழுத்தத்தின் நுணுக்கங்களை அது விட்டுவிடுகிறது. ஒவ்வொரு கம்பியிலும் இருப்பது ஒன்றா சுழியா என்பதை மட்டும் எடுத்து, பல கம்பிகளை ஒருசேர நினைவில் வைக்கிறது. சிலவற்றை விடத் துணிந்ததால்தான் அதற்கு மற்றவற்றைப் பிடிக்க முடிந்தது.

1973-இல் அமெரிக்காவில் இந்தக் கருவி இரண்டு வடிவங்களில் வந்தது. எச்.பி. நிறுவனத்தின் 5000ஏ-வில் இரண்டே சேனல்கள். திரை கிடையாது, ஒரு சேனலுக்கு 32 எல்.இ.டி. விளக்குகள் வீதம் இரண்டு வரிசைகள். எரிந்தால் ஒன்று, அணைந்தால் சுழி. பயோமேஷன் நிறுவனத்தின் 810-டி-யில் எட்டுச் சேனல்கள். அதற்கும் சொந்தத் திரை இல்லை, பக்கத்தில் ஆசிலோஸ்கோப் ஒன்றை வைத்து அதில் அலைவடிவமாகப் பார்க்க வேண்டும். இரண்டின் வேகமும் 10 மெகாஹெர்ட்ஸ். அதே காலத்தில் எச்.பி. இன்னொன்றையும் கொண்டுவந்தது. 1601எல் என்ற அது 180 வரிசை ஆசிலோஸ்கோப்புக்குள் செருகும் பகுதி. பன்னிரண்டு சேனல்கள். அலைவடிவம் வரையாமல், திரையில் ஒன்றுகளையும் சுழிகளையும் வரிவரியாக எழுதிக் காட்டியது.

இன்றைய பிள்ளைகள் இவற்றைப் படத்தில் பார்த்தால் பழம்பொருள் என்பார்கள். ஆனால் பின்னால் வந்த அத்தனை அனலைசர்களின் வம்சமும் இவற்றில் தெரிந்த இரண்டு வழிகளில்தான் போகிறது. பயோமேஷன் தன் சொந்தக் கிளாக்கைக் கொண்டு, சீரான இடைவெளியில் எட்டிப் பார்த்தது. இதை டைமிங் என்கிறோம். 1601எல், தான் ஆராயும் சர்க்யூட்டின் கிளாக்கையே வாங்கிக்கொண்டு, அது துடிக்கும்போது மட்டும் பார்த்தது, இது ஸ்டேட். முன்னதற்குத் தெரிவது காலம். பின்னதற்குத் தெரிவது பொருள். எந்த மாடலை எடுத்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: இது யாருடைய கிளாக்கில் பார்க்கிறது?

இதன் கனத்தை எனக்கு உணர்த்திய சம்பவம் ஒன்று உண்டு. இசட்80 சிப் வைத்த ஒரு கட்டுப்பாட்டு போர்டில், வெளியீட்டு லாட்ச் ஒன்று தானாக மதிப்பு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டேட் பட்டியலை எடுத்தோம். புரோகிராம் வரி பிசகாமல் ஓடியது. அந்த லாட்ச்சின் முகவரிக்கு யாரும் எழுதவே இல்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சாஃப்ட்வேர் எழுதியவர்கள் குற்றம் ஹார்டுவேரில் என்றார்கள். ஹார்டுவேர்காரர்கள் லாட்ச் சிப்பைக் கழற்றிப் புதியதைப் போட்டும் மாறவில்லை. ஆய்வகத்தில் எச்.பி. 1615ஏ ஒன்று இருந்தது. 24 சேனல்கள் உள்ள கருவி அது. அவற்றில் எட்டை டைமிங்குக்கும் மீதிப் பதினாறை ஸ்டேட்டுக்கும் ஒரே நேரத்தில் பிரித்துக்கொடுக்கலாம். எங்கள் மூத்த பொறியாளர் வந்து, எட்டில் ஒன்றை எடுத்து லாட்ச்சின் கிளாக் கால் மேல் வைத்தார்.

அந்தக் கருவியின் டைமிங் வேகம் 20 மெகாஹெர்ட்ஸ், அதாவது 50 நானோ நொடிக்கு ஒரு பார்வை. ஊர்க்காவலர் மணிக்கு ஒருமுறை தெருவைச் சுற்றி வருவார். இரண்டு சுற்றுக்கு நடுவே வந்துபோனவனை அவர் அறியமாட்டார். அந்த இடைவெளிக்குள் நடப்பதைப் பிடிக்க 1615ஏ-வில் தனி ஹார்டுவேர் இருந்தது. இரண்டு பார்வைகளுக்கு நடுவே ஒரு கம்பி ஒருமுறைக்கு மேல் மாறிவிட்டால், அதைக் கிளிட்ச் என்று குறித்து வைக்கும். குறி விழுந்தது. முகவரிக் கம்பிகள் மாறும் தருணத்தில், டீகோடராக இருந்த 74எல்எஸ்138 சிப் சில நானோ நொடிகளுக்குத் தவறான காலைத் தட்டிவிட்டு அடங்கியது. எழுதும் சமிக்ஞையோடு சேர்க்காமல் டீகோடரின் வெளியீட்டை நேரே லாட்ச்சுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த சிப்புக்கு அனுமதிக் கால்கள் மூன்று உண்டு. ஒன்றில் எழுதும் சமிக்ஞையைக் கொண்டுவந்து கொடுத்ததும் நோய் தீர்ந்தது.

பிள்ளைகளே, ஸ்டேட் பட்டியல் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கிளாக் துடித்த தருணங்களில் எல்லாம் சரியாகவே இருந்தது. தவறு அந்தத் தருணங்களுக்கு வெளியே நடந்தது. வாழ்க்கையிலும் எத்தனையோ பேர் உண்மையையே சொல்வார்கள். தாங்கள் பார்த்த நேரத்து உண்மையை. அப்படி ஒருவரைப் பொய்யர் என்று சண்டை பிடிப்பதற்கு முன், அவர் எப்போது பார்த்தார் என்று கேட்கும் பொறுமை வேண்டும். அந்த ஆய்வகத்தில் இரு தரப்பும் பல நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நான் பார்த்தவன். இருவருமே சொன்னது சரி.

அடுத்தது, அகலமா வேகமா என்ற கேள்வி. சோனியும் டெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து வெளியிட்ட 318, 338 என்ற இரண்டு கருவிகள் இதற்கு நல்ல பாடம். இரண்டும் கையில் தூக்கிச் செல்லும் அளவு, வெளித்தோற்றமும் ஒன்றே. 318-இல் 16 சேனல்கள், வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். 338-இல் 32 சேனல்கள், வேகம் 20 மெகாஹெர்ட்ஸ். எண் பெரியது என்று 338-ஐத் தூக்கிக்கொண்டு போனால், இருபது நானோ நொடியில் நடப்பதை அது ஐம்பது நானோ நொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். வேகம் என்று 318-ஐ எடுத்தால், இசட்80-இன் முகவரிக் கம்பிகளே பதினாறையும் நிரப்பிவிடும். டேட்டா கம்பிகளுக்கு இடமிராது. டெக்ட்ரானிக்ஸின் 1240 இதையே வாங்குபவர் கையில் விட்டது. அதில் கார்டு போட நான்கு இடங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் ஒன்பது சேனல் தரும் கார்டு ஒன்று, 50 மெகாஹெர்ட்ஸில் பதினெட்டுச் சேனல் தரும் கார்டு ஒன்று. எப்படி வேண்டுமானாலும் கலந்து போடலாம். நான்கும் பதினெட்டாக இருந்தால் 72 சேனல்கள். ஆகவே கடையில் 1240 என்ற எண்ணைப் பார்த்து விலை பேசக் கூடாது. உள்ளே எந்தக் கார்டுகள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பெயரைப் பார்த்து ஆளை எடை போடாதவன் அலமாரியைத் திறந்து பார்ப்பான்.

எச்.பி.யின் 1630 வரிசையும் இப்படித்தான். 1980-களின் முற்பகுதியில் வந்தது. ஏ என்ற எழுத்து இருந்தால் 35 சேனல்கள், டி என்றால் 43, ஜி என்றால் 65. நினைவு சேனலுக்கு ஏறக்குறைய ஆயிரம் பதிவுகள். ஆனால் எல்லாச் சேனல்களும் எல்லா வேலையும் செய்யாது. டைமிங் பார்க்க ஏ-வில் எட்டும் டி-யில் பதினாறும் மட்டுமே. சில ஆண்டுகள் கழித்து வந்த 1650ஏ-வில்தான் அந்தச் சாதிப் பிரிவு ஒழிந்தது. அதன் 80 சேனல்களில் எதையும் ஸ்டேட்டுக்கும் வைக்கலாம், டைமிங்குக்கும் வைக்கலாம். அதன் தம்பி 1651ஏ-வுக்கு 32 சேனல்கள். மற்றபடி குணம் ஒன்று: ஸ்டேட் 25 மெகாஹெர்ட்ஸ், டைமிங் 100 மெகாஹெர்ட்ஸ். பின்னால் வந்த 1650பி மாடலில் ஸ்டேட் வேகம் 35 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்தது.

இவற்றோடு பழகும்போது சேனல் எண்ணிக்கை எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஹார்டுவேர் தன் கதையைத் தானே சொல்லும். கருவியிலிருந்து வரும் ஒவ்வொரு பட்டைக் கேபிளும் ஒரு பாட். அதில் பதினாறு டேட்டா கம்பிகள், ஒரு கிளாக் கம்பி. 1650-இல் ஐந்து பாட்கள். கிளாக் கம்பிகளைக் கணக்கில் சேர்க்காமல் 80. 1990-களில் வந்த 1660 வரிசையில் கிளாக் கம்பியும் டேட்டாவைப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டது. ஆகவே பாட் ஒன்றுக்குப் பதினேழு. 1660ஏ-வில் எட்டுப் பாட்கள், 136 சேனல்கள். 1661ஏ-வில் 102, 1662ஏ-வில் 68, 1663ஏ-வில் 34. எல்லாமே பதினேழின் மடங்குகள். 1664ஏ-வும் 34 சேனல்தான். ஆனால் 1663ஏ-வின் ஸ்டேட் வேகம் 100 மெகாஹெர்ட்ஸாக இருக்க, இதற்கு 50. முகப்பில் ஓர் இலக்கம் மாறியிருப்பதன் பொருள் இவ்வளவே. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வாங்குகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வரிசையின் விளம்பரத் தாளில் டைமிங் வேகம் 500 மெகாஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது உண்மை, பாதிச் சேனல்களை மூடி வைத்தால். எல்லாச் சேனல்களும் திறந்திருக்கும்போது 250. நினைவும் அப்படியே: முழுச் சேனல்களோடு சேனலுக்கு நாலாயிரம் பதிவுகள், பாதியை மூடினால் எட்டாயிரம். மூடிய சேனலின் நினைவு திறந்த சேனலுக்குப் போகிறது. டெக்ட்ரானிக்ஸின் 7டி01 இதையே 1970-களில் செய்தது. அதன் 4096 பிட் நினைவை நான்கு சேனலுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நெடுநேரம் நினைவு வைக்கும், பதினாறுக்குப் பங்கிட்டால் சிறிது நேரம். உள்ளதைத்தான் பங்கிட முடியும். ஒரே ஆயுளில் எல்லாவற்றையும் முழு வேகத்தில் கவனித்துவிடலாம் என்று உங்கள் வயதில் தோன்றும். எதை மூடி வைப்பது என்று தீர்மானிக்கிறவர்களே ஒன்றையாவது தெளிவாகப் பார்க்கிறார்கள். இதைச் சொல்லிக் கேட்டு நம்ப வேண்டாம். கருவியில் சேனல்களை மூடிப் பாருங்கள்.

இனி நான் மிக மதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ட்ரிகர்.

1970-களின் பிற்பகுதியில் வந்த எச்.பி. 1610ஏ, 32 சேனல்களை 10 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்டேட் முறையில் பார்த்தது. அதன் நினைவு எவ்வளவு தெரியுமா? அறுபத்து நான்கு வரிகள். இன்று உங்கள் கைபேசியில் இரண்டு குறுஞ்செய்திகளுக்கு ஆகும் இடம்கூட இல்லை. ஆனால் அதன் ட்ரிகரில் ஏழு படிகள் இருந்தன. முதலில் இந்த முகவரி, பிறகு இத்தனை முறை அந்த முகவரி, அதற்குப் பின் இந்த டேட்டா என்று வரிசையாகக் கேள்வியைக் கட்டிக்கொடுக்கலாம். அந்த வரிசை அப்படியே நிறைவேறும் கணத்தில்தான் கருவி பதிவை நிறுத்தும். நினைவு சிறியது என்பதால் கேள்வி கூர்மையாக இருந்தே ஆக வேண்டும்.

அந்நாளில் நம் நாட்டில் இத்தகைய கருவியை இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். ஆய்வகம் முழுமைக்கும் ஒன்றுதான் இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, முறை வைத்துப் பயன்படுத்துவோம். இளையவர்களுக்கு இரவு நேரமே கிடைக்கும். எங்கள் முறை வருவதற்கு முன் சர்க்யூட் வரைபடத்தை விரித்து, எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது, எதை ட்ரிகராக வைப்பது, என்ன வந்தால் என்ன பொருள் என்று காகிதத்தில் எழுதி முடித்திருப்போம். கருவி கைக்கு வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும். சில இரவுகளில் எழுதி முடிக்கும்போதே விடை தெரிந்துவிடும்; முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அந்தக் காலத்தில் ஒரு போர்டு எங்களை மிகவும் வாட்டியது. நாள் கணக்கில் நன்றாக ஓடும். பிறகு காரணமில்லாமல் நின்றுவிடும். ரீசெட் கொடுத்தால் மறுபடி ஓடும். நின்ற பிறகு நினைவகத்தைப் பார்த்தால் எல்லாம் குலைந்து கிடக்கும். எது முதலில் குலைந்தது என்று தெரியாது. ஸ்டாக் கீழே இறங்கி இறங்கி, மாறிகள் இருக்கும் இடத்துக்குள் நுழைகிறது என்று எங்களில் ஒருவருக்குச் சந்தேகம். இரண்டுக்கும் நடுவே எந்த வழியிலும் எழுதப்படக் கூடாத சிறு இடைவெளி இருந்தது. அந்த முகவரிகளில் எழுதும் செயல் நடந்தால் நிறுத்து என்று ட்ரிகர் வைத்தோம். நடப்பதற்கு முந்தைய வரிகள் நினைவில் தங்கும்படி அமைத்தோம். பிறகு கருவியை அப்படியே விட்டோம். அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம்.

மற்றப் பிரிவினர் கருவி முடங்கிக் கிடக்கிறதே என்று கேட்டார்கள். வார இறுதி கடந்தது. ட்ரிகர் விழவில்லை. எடுத்துவிடலாம் என்றவர்களும் உண்டு. மூத்தவர் எடுக்க விடவில்லை. கேள்வி சரியாக இருந்தால் பதில் வரும்வரை நிற்பதே வேலை என்றார். ஒரு காலையில் வந்து பார்க்கும்போது திரை நிரம்பியிருந்தது. அறுபத்து நான்கு வரிகளில் விஷயம் முழுவதும் இருந்தது: ஓர் இன்டரப்ட் முடியும் முன்பே அது மீண்டும் மீண்டும் தன்னை அழைத்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டாக் ஒரு படி இறங்குகிறது. இன்டரப்டைத் திறந்துவிடும் கட்டளை ரொம்ப முன்னால் வைக்கப்பட்டிருந்தது. அதைப் பின்னால் தள்ளியதும் சரியானது.

காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் பலர். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெளிவாக எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பது உழைப்பின் மிக உயர்ந்த வடிவம். அது தெரியாதவர்கள்தான் இரண்டு நாளில் கருவியைக் கழற்றிவிடுவார்கள். பிறகு வேறோர் இடத்தில் மாட்டி அங்கும் இரண்டு நாள் பார்ப்பார்கள். வேலை மாறுவது, படிப்பு மாறுவது, ஊர் மாறுவது என எல்லாவற்றிலும் இதைக் கண்டிருக்கிறேன். மாறுவது குற்றமில்லை. ட்ரிகர் எது என்று தெரியாமல் மாறுவதுதான் ஆயுளைத் தின்கிறது.

நினைவு பெருகப் பெருகக் கேள்வி மழுங்கும் அபாயம் உண்டு. எச்.பி.யின் 16500 வரிசை 1980-களின் பிற்பகுதியில் வந்தது. வண்ணத் திரை, விரலால் தொட்டு இயக்கும் வசதி, ஐந்து கார்டு இடங்கள். 1650ஏ-வின் திறனையே கார்டாக்கியது 16510ஏ. பின்னாளில் 16550ஏ கார்டு 102 சேனல்களோடு 1661ஏ-வுக்கு ஈடாக வந்தது. 16500-இன் ஏ மாடல் பிளாப்பியிலிருந்து எழும். பி மாடல் ஹார்டு டிஸ்க்கோடு வந்தது. அதற்கு அடுத்த தலைமுறை 16700. அதில் 16700ஏ-வுக்குச் சொந்தத் திரை இல்லை, 16702ஏ-வுக்கு உண்டு, உள்ளே எச்.பி.-யூனிக்ஸ் ஓடும். இந்தத் தலைமுறைக் கார்டுகளில் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான பயிற்சி.

16715ஏ, 16716ஏ. இரண்டும் 68 சேனல் கார்டுகள், ஸ்டேட் வேகம் 167 மெகாஹெர்ட்ஸ். 16715ஏ-வுக்குச் சேனலுக்கு இருபது லட்சம் பதிவுகள் கொள்ளும் நினைவு. 16716ஏ-வுக்கு அதில் கால் பங்குதான். ஆனால் அதனிடம் இன்னொன்று இருக்கிறது: டைமிங் ஜூம். ட்ரிகர் விழும் இடத்தைச் சுற்றிப் பதினாறாயிரம் பதிவுகளை மட்டும் 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில், அதே புரோப் வழியாகவே, தனியே எடுத்துவைக்கும். 16715ஏ-வில் அது இல்லை. முன்னது நீண்ட காலத்தை நினைவில் வைக்கும். பின்னது முக்கியமான கணத்தைக் கூர்ந்து பார்க்கும். இரண்டும் வேண்டும் என்றால் 16717ஏ: இருபது லட்சம் பதிவு, ஜூம், 333 மெகாஹெர்ட்ஸ் ஸ்டேட் வேகம். அதற்கேற்ற விலையும் அந்நாளில் இருந்தது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் 16716ஏ-வைத்தான் எடுப்பேன். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பவரைவிட, திருப்பம் நேர்ந்த இடத்தில் கண்ணை விரித்துப் பார்த்தவரின் சாட்சியம் எனக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கிறது. வேறு வேலை செய்கிறவர், உதாரணமாக நெட்வொர்க் கார்டில் நெடுநேரப் போக்குவரத்தைத் தேடுகிறவர், 16715ஏ-வையே கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்.

புரோப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் வீண். பழைய சரக்குக் கடைகளில் உடல் ஓரிடத்திலும் கேபிள் வேறிடத்திலும் கிடக்கும். கேபிளும் நுனிக் கம்பிகளும் இல்லாத அனலைசர் பார்வையில்லாத கண். 1650, 1660, 16500 வரிசைகளும், மேலே சொன்ன 16715ஏ வகைக் கார்டுகளும் 40 பின் பாட் கேபிளையே பயன்படுத்துவதால் ஒன்றின் புரோப் மற்றொன்றுக்கு ஆகும். பின்னால் வந்த 16753ஏ போன்ற வேகக் கார்டுகள் 90 பின்னுக்கு மாறிவிட்டன. அங்கே பழைய கேபிள் சேராது. இந்தப் புரோப்பின் நுனியில் சிறு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் உண்டு. அதனால்தான் ஆராயப்படும் கம்பிக்கு அது சுமார் 100 கிலோ ஓம், 8 பிகோபாரட் சுமையாக மட்டுமே தெரிகிறது. அவற்றைத் தவிர்த்துக் கேபிளை நேரே போர்டில் சேர்த்தால், பார்க்க வந்தவரே காட்சியைக் கெடுத்துவிடுவார்.

ஓர் இளம் பொறியாளர், அனலைசர் கெட்டுவிட்டது, பிட்கள் தாமாகக் குதிக்கின்றன என்று அதன் மேல் புகார் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். பதினாறு சமிக்ஞைக் கம்பிகளையும் அழகாக மாட்டியிருந்தார். கிரவுண்டு கம்பி ஒன்றே ஒன்றுதான். பல கம்பிகள் ஒருசேர மாறும்போது திரும்பிப் போகும் மின்னோட்டம் முழுவதும் அந்த ஒற்றைக் கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு போனது, கிரவுண்டே தள்ளாடியது. வேகமான கம்பிகளுக்கெல்லாம் தனித்தனிக் குட்டைக் கிரவுண்டு கொடுத்ததும் குதிப்பு நின்றது. அவரைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. சமிக்ஞைக் கம்பியில் செய்தி இருக்கிறது, கிரவுண்டில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பேசுகிற கம்பிகளை எண்ணுகிறவர்கள், அவை எல்லாம் எதன் மேல் நின்று பேசுகின்றன என்று பார்ப்பதில்லை. வீட்டில் தாய் தந்தையர், ஆய்வகத்தில் ஸ்டோர் காப்பாளர், கருவிகளைத் துடைத்து அடுக்கும் உதவியாளர் என்று எத்தனை பேர் அப்படி நமக்குக் கீழே அசையாமல் நின்றிருக்கிறார்கள் என்பது அன்று என் மனத்தில் ஓடியது.

இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் பெயர்கள் மாறிவிட்டன. பயோமேஷன், கவுல்ட் நிறுவனத்துக்குப் போனது. எச்.பி.யின் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலென்ட் ஆனது. 2014-இல் கீசைட் ஆனது. இன்று எட்டுச் சேனலும் 24 மெகாஹெர்ட்ஸும் உள்ள சிறு யு.எஸ்.பி. அனலைசர் உள்ளங்கையில் அடங்குகிறது. சிக்ராக் என்ற இலவச சாஃப்ட்வேர் அதை இயக்குகிறது. 1973-இன் பயோமேஷனைவிட அது வேகமானது. சீரியல் தொடர்புகளைப் பார்க்க அது போதும், தாராளமாக வாங்குங்கள். ஆனால் அகன்ற பஸ் உள்ள பழைய பிராசஸரைப் பார்க்க எட்டுச் சேனல் போதாது. மேலும் அந்த மலிவுக் கருவிகளில் ஒன்றுக்கும் சுழிக்கும் நடுவிலான எல்லை மின்னழுத்தம் நிலையானது. பழைய 1650-இல் டிடிஎல், இசிஎல் என்று சர்க்யூட் வகைக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். வேண்டிய அளவை நாமே வைக்கவும் செய்யலாம். இசிஎல் சர்க்யூட்டில் அந்த எல்லை சுழிக்குக் கீழே, மைனஸ் 1.3 வோல்ட் அருகே இருக்கும். அங்கே மலிவுக் கருவிக்கு எதுவும் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழைய இசட்80 போர்டைப் படித்துப் பழகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், 136 சேனலைத் தேடி அலைய வேண்டாம். 34 சேனல் உள்ள 1663ஏ-வோ, அதிலும் வேகம் குறைந்த 1664ஏ-வோ போதும். நாலு மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்டேட் தாராளம். 1651ஏ கிடைத்தாலும் எடுக்கலாம். ஆனால் அது பிளாப்பியிலிருந்து சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டுதான் எழும். அந்த பிளாப்பி கூடவே இருக்கிறதா, படிக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நகல் எடுத்துவிடுங்கள். பாட் கேபிள் இரண்டும், நுனிக் கம்பிகளும், பிடிப்பான்களும் எண்ணிக்கை குறையாமல் இருக்கட்டும்.

முதல் பாடில் பதினாறு முகவரிக் கம்பிகளை மாட்டுங்கள். இரண்டாவதில் எட்டு டேட்டா கம்பிகள், பிறகு எம்1, எம்ரெக், ஐஓரெக் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள். படிக்கும் சமிக்ஞையை ஒரு பாடின் கிளாக் கம்பியிலும் எழுதும் சமிக்ஞையை மற்றதன் கிளாக் கம்பியிலும் கொடுத்து, இரண்டின் ஏறுமுனையிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். 1660 வரிசையாக இருந்தால், கிளாக்குக்கு முன்னும் பின்னும் டேட்டா நிலைத்திருக்க வேண்டிய நேரத்தை முழுவதும் முன், சுழி பின் என்று வையுங்கள். ஏனென்றால் படிக்கும் சமிக்ஞை எழுந்ததும் நினைவகச் சிப் டேட்டாவைக் கைவிடத் தொடங்கிவிடும். கிரவுண்டு கம்பிகளைக் கஞ்சத்தனமில்லாமல் மாட்டுங்கள். ட்ரிகராக முகவரி 0000. ரீசெட் பொத்தானை அழுத்தி விடுங்கள். பட்டியலின் முதல் வரியில் 0000 முகவரியும் எம்1 தாழ்ந்தும் வர வேண்டும். வந்தால், அங்கிருந்து ஒவ்வொரு வரியாகக் கட்டளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கையால் எழுதுங்கள். முதல் நூறு வரிகளை எழுதியதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்; சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.